சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு வாசிப்புத் துணை: தன்னார்வலர் குழு அமைக்க முழுமையான வழிகாட்டி

வாசிக்கத் திணறும் குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது, அது வாசிப்பதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அருகில் அமர்ந்திருக்கும் ஒரு பெரியவர். ஆசிரியர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆனால் ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் கவனித்துக்கொள்ளும் ஈராசிரியர் பள்ளியில், ஒரு குழந்தையைத் தனியே அமர்த்திக் கால் மணி நேரம் வாசிக்கக் கேட்பது அவர்களுக்கு இயலாத காரியம். அந்தக் கால் மணி நேரத்தைக் கொடுப்பதுதான் தன்னார்வலரின் வேலை. அனுமதி, பாதுகாப்பு, பதிவேடு, புத்தகம் என்று கீழே எழுதியிருப்பவை அனைத்தும் அது வாரந்தோறும் தவறாமல் நடப்பதற்கான ஏற்பாடுகளே.

தமிழ்நாட்டில் இப்பணி புதிதன்று. பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தின் வழியாக, தெருத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் மாலை வேளைகளில் தன்னார்வலர்கள் பாடம் நடத்தியதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்காகத் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறது. நாம் அமைக்கும் குழு இவற்றுக்குப் போட்டியாகவோ மாற்றாகவோ இருக்கக் கூடாது. வகுப்பறையில் நடப்பதற்குக் கைகொடுக்கும் துணையாக இருந்தால் போதும்.

முதல் படி: பள்ளியும் அனுமதியும்

ஒரே ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். நல்ல எண்ணத்தோடு மூன்று, நான்கு பள்ளிகளில் ஒரே சமயத்தில் தொடங்கி, அரையாண்டுத் தேர்வுக்குள் எல்லாவற்றையும் கைவிட்ட குழுக்கள் உண்டு. உங்கள் வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ இருபது நிமிடத்தில் சென்று சேரக்கூடிய பள்ளியாக அது இருந்தால், மழை நாளிலும் களைப்பான நாளிலும் போய்விட முடியும்.

முதலில் பார்க்க வேண்டியவர் தலைமை ஆசிரியர். முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு மிகாத கடிதத்துடன் செல்லுங்கள். யார் நீங்கள், எத்தனை பேர் வருவீர்கள், எந்தக் கிழமை, எந்த நேரம், எத்தனை குழந்தைகள், எந்த மாதம் வரை என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியாக இருந்தாலும் மாநகராட்சிப் பள்ளியாக இருந்தாலும், வெளியாட்கள் குழந்தைகளோடு பழகுவதற்குக் கல்வித் துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி பெற வேண்டும் என்று தலைமை ஆசிரியர் கேட்பது முறையான செயல். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாமல், அவர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம் அனுப்பி, பதில் வரும் வரை காத்திருங்கள். சேர்வராயன் மலையின் ஏற்காட்டுப் பகுதியிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையின்கீழ் வருவதால், அங்கே அனுமதி கேட்க வேண்டிய அலுவலகமும் வேறு.

அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அதன் கூட்டம் ஒன்றில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, என்ன செய்யப் போகிறோம் என்று தாய்மார்களிடம் நேரில் சொல்வது, எந்த அலுவலகக் கடிதத்தையும்விடப் பயனுள்ளது என்பது என் அனுபவம். தன் குழந்தையோடு யார் உட்காரப் போகிறார் என்று முகம் பார்த்துத் தெரிந்துகொண்ட தாய், அந்தக் கிழமையில் குழந்தையைத் தவறாமல் அனுப்பிவைப்பார்.

இரண்டாம் படி: தன்னார்வலர்கள்

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி மற்றும் ரயில்வே ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், இல்லத்தரசிகள் என எல்லாரும் இப்பணிக்கு ஏற்றவர்களே. தமிழ்ப் புலமையோ ஆசிரியப் பயிற்சியோ தேவையில்லை. தடையின்றித் தமிழ் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். காத்திருக்கத் தெரிந்திருக்க வேண்டும். சொன்ன நாளில் வர வேண்டும். மூன்றாவதுதான் மிகவும் அரிது.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். முதல் ஆண்டு ஆர்வத்தில் கேட்டவர் எல்லாரையும் சேர்த்துக்கொண்டோம். தீபாவளி வருவதற்குள் பாதிக்கு மேற்பட்டோர் நின்றுவிட்டார்கள். ஒரு புதன்கிழமை மாலை, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். “எங்க அக்கா இன்னிக்கும் வர மாட்டாங்களா?” என்று கேட்டாள். அந்த அக்கா வேலை மாறி வெளியூர் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அவளிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தவறு முழுவதும் எங்களுடையது.

அதன் பிறகு சில விதிகளை வைத்துக்கொண்டோம். ஒருவர் ஒரு கல்வியாண்டு முழுவதும், வாரம் இருமுறை வர ஒப்புக்கொள்ள வேண்டும். இயலாதவர்கள் புத்தகம் சேர்ப்பது, அட்டை தயாரிப்பது போன்ற வேலைகளில் உதவலாம். ஒருவருக்கு இரண்டு குழந்தைகள், அதற்கு மேல் வேண்டாம். பத்து பேருக்கு இரண்டு பேர் வீதம் மாற்றுத் தன்னார்வலர்கள் இருக்க வேண்டும். அவர்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் முன்பே அறிமுகமாகியிருக்க வேண்டும். வர முடியாதவர் முதல் நாள் இரவே தெரிவிக்க வேண்டும். இடையில் விலக நேர்ந்தால், ஒரு நாள் நேரில் வந்து குழந்தையிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இந்தக் கடைசி விதியை நான் ஒருபோதும் தளர்த்துவதில்லை.

மூன்றாம் படி: பாதுகாப்பு

இதில் சமரசத்துக்கு இடமில்லை. தெரிந்தவர், உறவினர், வயதில் மூத்தவர் என்று எவருக்கும் விலக்கு அளிக்காமல், அனைவரிடமும் அடையாளச் சான்றின் நகலும், அவர்களை அறிந்த இருவரின் பரிந்துரையும், காவல்துறைச் சரிபார்ப்பும் பெறுங்கள். சந்திப்பு எப்போதும் பள்ளி வளாகத்துக்குள், பிறர் கண்ணில் படும் இடத்தில், அதாவது தாழ்வாரத்திலோ கதவு திறந்திருக்கும் வகுப்பறையிலோதான் நடக்க வேண்டும். குழந்தையைத் தன் வண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது, தனியாகக் கடைக்கு அழைத்துச் செல்வது, கைப்பேசி எண் கொடுப்பது ஆகியவை கூடாது. குழந்தையின் முகம் தெரியும் படத்தை வாட்ஸ்அப் நிலையில் வைப்பதும் அப்படியே. அது அன்பினால் செய்யப்பட்டாலும் தவறுதான்.

குழந்தை தனக்கு நேர்ந்த கொடுமை எதையாவது சொல்லிவிட்டால், “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேட்காமல், சொன்னதை அமைதியாகக் கேட்டு, சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். தலைமை ஆசிரியரிடம் தெரிவித்ததோடு கடமை முடிந்துவிடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகிய இரண்டையும் ஒவ்வொரு தன்னார்வலரின் குறிப்பேட்டிலும் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

நான்காம் படி: குழந்தை எங்கே நிற்கிறது என்று அறிதல்

எந்தக் குழந்தைகளைச் சேர்ப்பது என்பதை வகுப்பாசிரியர் முடிவு செய்யட்டும். சேர்ந்த பிறகு, ஒவ்வொரு குழந்தையோடும் தனியாகப் பத்து நிமிடம் உட்கார்ந்து நான்கு அட்டைகளைக் காட்டுங்கள். முதல் அட்டையில் சில தனி எழுத்துகள். இரண்டாவதில் ‘மரம்’, ‘பட்டம்’ போன்ற எளிய சொற்கள். மூன்றாவதில் முதல் வகுப்புத் தரத்தில் நான்கு வரிப் பத்தி. நான்காவதில் இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதை. நாடு முழுவதும் கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்பை அறிய பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் ஏசர் ஆய்வும் இந்த முறையையே பின்பற்றுகிறது. பத்தியிலிருந்து தொடங்கி, திணறினால் சொல்லுக்கு இறங்குங்கள். எளிதாக வாசித்தால் கதைக்கு ஏறுங்கள். இதைத் தேர்வு என்று சொல்லாதீர்கள்; மற்றக் குழந்தைகள் சூழ்ந்து நிற்கும்போது செய்யவும் கூடாது. நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டு எழுத்து அட்டையிலேயே நிற்கும் பையனுக்குத் தன் நிலை தெரியும். அதை ஊரறியச் செய்ய வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: உட்கார்ந்து வாசிக்கும் அந்த அரை மணி நேரம்

பள்ளி முடிந்ததும் குழந்தைகள் பசியோடு இருப்பார்கள். ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சுண்டலோ கொடுத்துவிட்டுத் தொடங்கினால் கவனம் நிற்கும். முதல் ஐந்து நிமிடம் பேச்சு மட்டுமே. பிறகு பத்து நிமிடம் நீங்கள் வாசியுங்கள், குழந்தை கேட்கட்டும். புத்தகத்தை இருவருக்கும் நடுவில் வைத்து, வாசிக்கும் வரியின்கீழே விரலை நகர்த்திக்கொண்டே போங்கள். தனக்காக ஒருவர் கதை வாசித்துக் கேட்டிராத குழந்தைகள் பலர் இருக்கிறார்கள். வாசிப்பின் இன்பம் காது வழியாகத்தான் முதலில் நுழைகிறது. அடுத்த கால் மணி நேரம் குழந்தை வாசிக்க வேண்டும்.

தவறும்போது என்ன செய்வது என்பதில்தான் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தேவை. உடனே திருத்தாதீர்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குள் குழந்தை தானாகவே திருத்திக்கொண்டால், “நீயே கண்டுபிடிச்சிட்டியே கண்ணு” என்று அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். எண்ணி முடித்தும் வரவில்லை என்றால், சொல்லை நீங்களே சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தி எழுத்துக் கூட்டச் சொன்னால், வரி முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோய், கதையும் கலைந்துவிடும்.

சேலம் அம்மாபேட்டையில், தறிச் சத்தம் சன்னல் வழியே கேட்கும் ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன் ‘கொக்கு’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பக் ‘கெரக்கு’ என்றே வாசித்தான். வயதான தன்னார்வலர் ஒருவர், திருத்தாமல் சற்று நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் செய்தது கவனக்குறைவு அன்று. அவன் கண்ணில் பட்டதை வரிசையாக, நேர்மையாக வாசித்திருக்கிறான். ஒற்றைக்கொம்பும் ககரமும் சேர்ந்து ‘கெ’. அதன்பின் நிற்கும் துணைக்கால் அவனுக்கு ‘ர’ போலத் தெரிந்திருக்கிறது. பெரியவர் படத்தைக் காட்டி, “இது என்ன சாமி?” என்றார். “கொக்கு” என்றான். உடனே தன் இரண்டு விரல்களைக் கொம்புக்கு முன்னும் காலுக்குப் பின்னும் வைத்து, “இந்த மூணும் சேர்ந்தது ஒரே எழுத்து, ரெண்டு பக்கமும் கை போட்டுக் கூப்பிடுது பாரு” என்றார். பையனும் அதேபோல் விரல் வைத்துப் பார்த்தான். அடுத்த பக்கத்தில் இருந்த ‘பொம்மை’க்கும் ‘தோட்டம்’ என்ற சொல்லுக்கும் அவனாகவே விரல்களைக் கொண்டுபோனான்.

தமிழ் எழுத்தில் குழந்தைகள் தடுமாறும் இடங்களைத் தன்னார்வலர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. எழுத்துக்கு முன்னால் எழுதப்பட்டுப் பின்னால் ஒலிக்கும் கொம்புகள், குறில் நெடில் வேறுபாடு, ஒவ்வொரு வரிசையிலும் உருவம் மாறும் உகர ஊகாரங்கள், ல-ள-ழ, ந-ன-ண ஆகியவை முதன்மையானவை. 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்தும் ஒரு சொல்லைக்கூட வாசிக்க இயலாத குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே எழுத்தைச் சொல்லுக்குள் வைத்தே காட்டுங்கள். ‘கல்’, ‘அகம்’, ‘தங்கம்’ என்று ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிப்பது நமக்கு உறைப்பதில்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராட்டிரமோ பேசும் குழந்தைகள் சேலத்தில் ஏராளம். அவர்களுக்கு இது குழப்பம் தரும். விதியை விளக்காமல், சொல்லை முழுதாகச் சொல்லிக் காட்டுங்கள்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவு அடுத்த தடை. புத்தகத்தில் ‘வீட்டிற்குச் சென்றேன்’ என்று இருப்பதைக் குழந்தை ‘ஊட்டுக்குப் போனேன்’ என்று வாசித்தால், பொருளைச் சரியாகப் பிடித்துவிட்டது என்று பொருள். முதலில் அதை ஏற்றுக்கொண்டு, “அதேதான், இங்கே எப்படி எழுதியிருக்கிறார்கள், பார்” என்று எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன் பேச்சைப் பார்த்துச் சிரிப்பவரைத் தன்னார்வலராக வைத்துக்கொள்ள வேண்டாம்.

எழுத்து நிலையிலேயே நின்றுவிட்ட குழந்தைக்கு, அதன் சொற்களாலேயே புத்தகம் செய்வதுபோல் பயன் தரும் வழி வேறு எனக்குத் தெரியாது. ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில், எந்தப் புத்தகத்தையும் தொட மறுத்த ஒரு சிறுமியிடம், நேற்று வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதினோம்: ‘எங்கம்மா காப்பிப் பழம் பறிக்கப் போச்சு. மூட்டை கனமா இருந்துச்சு. நாய் கூடவே போச்சு.’ இலக்கணம் திருத்தவில்லை. மூன்று தாள்களை மடித்து நடுவில் தைத்து, தாளுக்கு ஒரு வரி. படம் அவளே வரைந்தாள். சொன்னது அவளே என்பதால் அடுத்து வரும் சொல் அவளுக்கு முன்பே தெரியும்; எழுத்து எது, ஒலி எது என்று பொருத்திப் பார்க்க மனம் ஓய்வாக இருக்கும். இரண்டு வாரத்தில் ‘போச்சு’ என்ற சொல்லை எந்தப் பக்கத்தில் பார்த்தாலும் அடையாளம் கண்டுகொண்டாள். இப்படி ஐந்தாறு புத்தகங்கள் சேர்ந்த பின்தான் அச்சுப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

ஆறாம் படி: புத்தகங்கள்

முதலில் பள்ளியில் இருப்பவற்றை அலமாரியிலிருந்து வெளியே எடுக்க அனுமதி கேளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைகளில் வெளியிட்ட சிறு நூல்களும், நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கான ‘ஊஞ்சல்’ இதழும் பல பள்ளிகளில் இருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் படிநிலை குறித்த தமிழ்க் கதைகளை இலவசமாகப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். மாவட்ட நிர்வாகம் நடத்தும் சேலம் புத்தகத் திருவிழாவில் நேஷனல் புக் டிரஸ்ட் போன்ற பதிப்பகங்களின் சிறுவர் நூல்களைக் குறைந்த விலையில் வாங்கலாம். பக்கத்துக்கு இரண்டு வரி, பெரிய எழுத்து, சொல்லோடு பொருந்தும் படம் ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள்; நீதியை மட்டும் அழுத்திச் சொல்லும் கதைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு புத்தகம் வீட்டுக்குப் போகட்டும். கிழிந்து வரும், சில திரும்பி வராது. அதற்காகக் குழந்தையைக் கண்டிக்க வேண்டாம்.

ஏழாம் படி: வாசிப்புக்கு அப்பால்

சில மாதங்களில், அந்தப் பெரியவர் குழந்தைக்கு நம்பிக்கைக்குரியவராகிவிடுவார். கொலுசுப் பட்டறையில் அப்பாவுக்கு வேலை இல்லாத வாரம், தம்பிக்குக் காய்ச்சல், பள்ளியில் யாரோ கேலி செய்தது என்று எல்லாம் அந்த முதல் ஐந்து நிமிடத்தில் வரும். கேட்டுக்கொள்ளுங்கள். போன வாரம் சொன்னதை நினைவில் வைத்து, “தம்பிக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?” என்று கேட்பது போதும். பணம், துணி, விலையுள்ள பரிசு எதையும் தனியாகக் கொடுக்காதீர்கள்; உதவி தேவைப்படும் குடும்பத்தைத் தலைமை ஆசிரியர் வழியாகவே அணுகுங்கள். குடும்ப விஷயங்கள் குழுவின் அரட்டைக்குப் பொருளாகக் கூடாது. நிறைவேற்ற முடியாத எதையும் சொல்லிவிடாதீர்கள். “அடுத்த தடவை கொண்டு வரேன்” என்ற ஒரு சொல்லைக் குழந்தை வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கும்.

எட்டாம் படி: ஊரின் நாட்காட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆசிரியர்களுக்கு வேலை மிகுதி. ஜூலை முதல் வாரத்தில் தொடங்குவது நல்லது. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நாட்களிலும், சேலத்தின் குகைப் பகுதியில் அலங்கார வண்டிகள் ஊர்வலமாக வரும் வண்டி வேடிக்கை நாளிலும் குழந்தைகள் வர மாட்டார்கள்; அட்டவணையில் முதலிலேயே விடுமுறை எழுதிவிடுங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களையும் விட்டுவிடுங்கள்.

மலையில் கணக்கே வேறு. நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிக்கும் காலம்; பெற்றோர் விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய்விடுவதால் மூத்த குழந்தைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கிறார்கள். தம்பியையும் கூட்டி வரச் சொல்லுங்கள். அவனுக்கு ஒரு படப் புத்தகமும் பாயில் ஓர் இடமும் கொடுத்தால் அக்காளின் வாசிப்பு தடைபடாது. மாலையில் பனி இறங்கி, குழந்தைகள் தொலைவு நடக்க வேண்டியிருப்பதால், அங்கே மதிய உணவுக்குப் பிந்தைய நேரத்தையே ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வாரம் இருமுறை சென்று வருவது நெடுநாள் நடக்காது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதை மூடப்பட்டதுபோல, மழைக்காலத்தில் வழியே அடைபடவும் கூடும். ஆகவே மலையில் வசிப்பவர்களையே, பத்தாம் வகுப்பு முடித்த இளம் பெண்கள் உட்பட, தன்னார்வலராகச் சேர்த்துப் பயிற்சி கொடுங்கள். மலையாளி என்று அழைக்கப்படும் இம்மலைப் பழங்குடி மக்களின் பேச்சு வழக்கு அவர்களுக்குத் தெரியும். குழந்தை சொல்ல வருவது அவர்களுக்கு உடனே பிடிபடும்.

ஒன்பதாம் படி: பதிவேடும் ஆண்டு நிறைவும்

ஒரு குழந்தைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, வாசித்த புத்தகம், தடுக்கிய இரண்டு சொற்கள், குழந்தை சொன்ன ஏதாவது ஒன்று. நான்கு வரிக்கு மேல் எழுத வேண்டாம். டிசம்பரிலும் மார்ச்சிலும் அதே நான்கு அட்டைகளின் வேறு வடிவத்தைக் காட்டி நிலையைக் குறியுங்கள். முன்னேற்றம் இல்லாத குழந்தையைப் பற்றி வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். கண்ணிலோ காதிலோ குறை இருக்கலாம். கரும்பலகையை மங்கலாகப் பார்த்துக்கொண்டு, ‘மந்தம்’ என்று பெயர் வாங்கிய குழந்தைக்கு ஒரு கண்ணாடி போதுமானதாக இருந்த நிகழ்ச்சிகள் உண்டு.

மார்ச் மாதக் கடைசிச் சந்திப்பில், குழந்தை தான் விரும்பும் ஒரு பக்கத்தைத் தாயிடமோ பாட்டியிடமோ வாசித்துக் காட்டட்டும். மேடை, ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். பாயில் நடந்தால் போதும். குழந்தையே செய்த புத்தகங்கள் வீட்டுக்குப் போகட்டும். நோட்டை வகுப்பாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, ஜூலையில் எந்தக் கிழமையில் யார் வருவார் என்பதைக் குழந்தையின் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.